கட்டில்கள் தயாரானபோது நோயாளிகள் இல்லை

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது உலக நாடுகள் எப்போது விழித்துக்கொண்டன என்பதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

கினி நாட்டின் மெலியாண்டூ என்னும் சிற்றூரில், 2013 டிசம்பரில் இறந்த ஒரு குழந்தையிடமிருந்து இது தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நோய் எபோலாதான் என்பது 2014 மார்ச்சில் உறுதியானது. அந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே அதுவரை பரவியிராத நோயை மருத்துவர்கள் முதலில் காலரா என்று ஐயுற்றதில் வியப்பில்லை. என்னை உறுத்துவது அதற்குப் பிந்தைய மாதங்கள். நோய் கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜூனிலேயே எச்சரித்திருந்தும், உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது ஆகஸ்ட் 8 அன்றுதான்.

பிறகு உதவி குவிந்தது. லைபீரியாவுக்கு அமெரிக்கா, சியரா லியோனுக்கு பிரிட்டன், கினிக்கு பிரான்ஸ் என்று பழைய வரலாற்று உறவுகளின் வழியே பொறுப்புகள் பிரிந்தன. கியூபா மருத்துவர்களையும் செவிலியர்களையும் அனுப்பியது; எனக்கு அதுதான் பெரிய உதவியாகத் தோன்றுகிறது. ஆனால், லைபீரியாவில் அமெரிக்கா கட்டிய 11 சிகிச்சை மையங்களில் 9 மையங்களுக்கு ஒரு எபோலா நோயாளிகூட வரவில்லை. அவை திறக்கப்படுவதற்குள் அங்கே பரவல் தணியத் தொடங்கிவிட்டது.

அது தணிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், இறுதிச் சடங்குகளில் ஏற்பட்ட மாற்றத்தை நான் முதன்மையாகக் கருதுகிறேன். எபோலாவால் இறந்தவரின் உடலில் வைரஸ் மிகுந்திருக்கும் என்பதால், உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்பிய உறவினர்களே அடுத்த நோயாளிகள் ஆயினர். முழு உடலையும் மூடும் கவச உடையில் வந்தவர்கள் உடல்களை எடுத்துச் சென்றதும், லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் உடல்களை எரிக்க ஆணையிடப்பட்டதும் மக்களை அச்சுறுத்தவே, பல குடும்பங்கள் நோயாளிகளை வீட்டிலேயே மறைத்து வைத்தன. மதத் தலைவர்களையும் கலந்தாலோசித்து, குடும்பத்தார் பாதுகாப்பான தொலைவில் நின்று பிரார்த்தனை செய்ய இடமளிக்கும் அடக்க முறை பின்னரே வகுக்கப்பட்டது.

2016 மார்ச்சில் அவசரநிலை விலக்கப்பட்டபோது இறந்தவர்களின் எண்ணிக்கை 11,300-ஐத் தாண்டியிருந்தது. பரவல் ஓய்ந்துகொண்டிருந்த 2015-இல் கினியில் சோதிக்கப்பட்ட தடுப்பூசியை, காங்கோ ஜனநாயகக் குடியரசு 2018 மே 8 அன்று எபோலாவை அறிவித்த பிறகு, மே 21 அன்றே அங்கே செலுத்தத் தொடங்கினார்கள்.