அம்மாவின் பெயரில் ஒரு வீடு

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குக் கெமராவை எங்கள் வீட்டு விறாந்தையில்தான் வைத்திருக்கிறேன். பின்னால் இருக்கிற சுவரைப் பாருங்கள். இன்னும் பூச்சு இல்லை, சீமெந்துக் கல் அப்படியே தெரிகிறது. மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இந்தச் செமஸ்டரில் பண்பாட்டு அடையாளம், வேறுபாடு, நவீனத்துவம் என்று ஒரு பாடம். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹாலை வாசித்தோம். 1932இல் ஜமைக்காவில் பிறந்து, 1951இல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். நம் அடையாளத்துக்கு ஒரு கடந்தகாலம் உண்டு, ஆனாலும் அது வரலாற்றோடு மாறிக்கொண்டே வருகிறது என்கிறார். சரி, ஆனால் கரீபியன் தீவில் நடந்ததற்கும் எனக்கும் என்ன தொடர்பு என்றுதான் முதல் மாதம் முழுக்க யோசித்தேன்.

ஒரு நாள் விரிவுரையாளர் கேட்டார்: "உங்கள் வீட்டு உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது?" தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகச் சொன்னோம், "அம்மா", "உம்மா" என்று. மலையகத்தில் பதுளையிலிருந்து வந்த தோழி மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழக்கில் எங்கள் பக்கம் தாய்வழிக் குடி. குடி என்றால் ஒரு வம்சக் கூட்டம். பிள்ளை தாயின் குடியைத்தான் சேரும், ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. மகளுக்கு வீடு சீதனம், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். கோயில் திருவிழாவில் குடிக்குக் குடி முறை உண்டு. பள்ளிவாசலிலும் குடிக்கென்று மரைக்காயர் என்ற நிர்வாகிகள் இருந்திருக்கிறார்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் கிழக்கிலுள்ள அக்கரைப்பற்றுக்கு வந்து, தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு சமூகத்தின் குடிகளையும் ஆராய்ந்திருக்கிறார். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று இந்த ஊர்கள் எத்தனை உயிரை இழந்தன! வேலிக்கு இரண்டு பக்கமும் தாய்மார் ஒரே முறையில்தான் மகளுக்கு வீடு கொடுத்து வந்திருக்கிறார்கள்.

இனி இந்த வீட்டுக்கு வருகிறேன். அம்மம்மாவின் வீடு இதே வளவில் இருந்த மண் வீடு, கிடுகுக் கூரை. இந்தக் கல்வீட்டைக் கட்ட அம்மா குவைத்துக்குப் போய் 6 வருஷம் வீட்டுவேலை செய்தார். போகும்போது எனக்கு 7 வயது, தங்கச்சிக்கு 2. பாஸ்போர்ட், விமானம், வங்கிக் கணக்கு, சீமெந்து என்று அம்மம்மா காணாத உலகம் அது. அம்மா அந்த உலகத்துக்குள் போனது மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்ற பழைய முறைக்காக. நவீனம் வந்தால் மரபு போய்விடும் என்று இனி நான் பரீட்சையில் எழுத மாட்டேன்.

அதற்காக இந்த முறையைப் புகழ்ந்து முடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. உறுதியில் அம்மாவின் பெயர் இருப்பது எனக்குப் பெருமை. அந்தப் பெருமைக்காக அம்மா எங்களை விட்டு இருந்தார், தங்கச்சி அம்மம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டு வளர்ந்தாள். இந்த இரண்டையும் சேர்த்து எழுதத்தான் ஆய்வுக் கட்டுரைக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறேன்.

அந்தக் கம்பிகள். நேற்று அம்மாவிடம் கேட்டேன், ஏன் அறுக்காமல் விட்டீர்கள் என்று. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கீழ் வீடு உனக்கு, மகள். மேல தங்கச்சிக்கு."

தங்கச்சி அடுத்த வருஷம் ஏஎல், உயர்தரப் பரீட்சை, எடுக்கிறாள்.