சிவப்புத் தொப்பியிலிருந்து காக்கிச் சட்டைக்கு

(படைவீரர் கொடிநாளையொட்டி நடந்த முன்னாள் படைவீரர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் அவர்களே, எங்கள் மனுக்களைச் சலிப்பின்றி வாங்கிப் படித்துப் பதில் தரும் முன்னாள் படைவீரர் நலத்துறை உதவி இயக்குநர் அவர்களே, திருவிழா பந்தோபஸ்துக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்களே, இந்த அரங்கை வாடகையில்லாமல் தந்துதவிய கல்லூரி முதல்வர் அவர்களே, 1971 போரில் களம் கண்டு இன்று பேரனின் தோளைப் பற்றியபடி மேடையேறிய எங்கள் மூத்த சுபேதார் மேஜர் ஐயா அவர்களே, கணவரை நாட்டுக்குத் தந்துவிட்டுப் பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கிய வீரத்தாய்மார்களே, அடுத்த ஆண்டு பணி முடிந்து ஊர் திரும்பவிருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ராணுவக் காவல் படையில், அதாவது ஊரார் மிலிட்டரி போலீஸ் என்று சொல்லும் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மாநிலக் காவல்துறைக்குள் எப்படிக் காலடி வைக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது என் தாயார் ஓயாமல் சொன்ன பழமொழி. நான் படையில் சேரப் புறப்பட்டபோதும் வழியனுப்ப வந்து அதையேதான் சொன்னார்கள். இன்று உங்களிடம் நானும் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். சட்டம், பேச்சு, குடும்பம் என்று மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சட்டம். சிவப்புத் தொப்பியும் வெள்ளை இடைவாரும் அணிந்து, எம்.பி. என்ற எழுத்துப் பொறித்த கறுப்புக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு நாம் நின்றபோது நமக்கு அதிகாரம் தந்தது 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம். அதன் 107-ஆம் பிரிவு, ராணுவக் காவல் பணிக்குத் தலைமை தாங்கும் அதிகாரியான புரோவோஸ்ட் மார்ஷலுக்கும் அவருக்குக் கீழே பணியாற்றுவோருக்கும் கைது செய்யவும் காவலில் வைக்கவும் அதிகாரம் கொடுத்துவிட்டு, தன் சொந்த அதிகாரத்தில் எந்தத் தண்டனையும் விதிக்கக் கூடாது என்று அதே மூச்சில் கட்டுப்படுத்துகிறது. அந்த அதிகாரம் முழுவதும் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்மீதுதான் செல்லும். வாயிலைத் தாண்டிச் சாலையில் நடந்துபோகும் குடிமகன்மீது அதில் ஒரு துளிகூட இல்லை. காக்கிச் சட்டை போட்ட மறுநாளே நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது. படையில் ஒருவரைக் காவலில் வைத்தால், குற்றச்சாட்டை விசாரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது அவருடைய கட்டளை அதிகாரியின் கடமை. பணிச்சூழலால் முடியாமல் போனால் அதற்கும் விலக்கு உண்டு. ஊரிலோ, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவரின் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பே சொல்கிறது.

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன என்பதையும் தம்பிகள் மனத்தில் கொள்ள வேண்டும். படையில் இருந்தபோது பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர்கள் மறுபடியும் படிக்கத்தான் வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவிலிருந்து, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறது. சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று அதே புதிய சட்டத்தின் 105-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது இந்த இடத்தில் வெறும் அறிவுரையன்று. சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவான பஞ்சநாமாவைத் தவறாக எழுதினால் வழக்கே கையைவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது செய்தி பேச்சு. என்னோடு பெங்களூருவில் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர், நாயக்காக ஓய்வு பெற்று, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் தேர்வெழுதி இரண்டாம் நிலைக் காவலரானார். காவல்துறையின் ஆயுதப்படைப் பிரிவில் பல ஆண்டு பணியாற்றிய பிறகு காவல் நிலையத்துக்கு வந்த புதிதில், ஒரு தலைமைக் காவலரோடு இரவு ரோந்துக்குப் போயிருக்கிறார். பேருந்து நிலையத்தில் கடைசி வண்டியும் போய்விட்டது. பூக்கடையின் மூடிய பலகைக்குப் பக்கத்தில் ஒரு பையன், மடியில் பையை அணைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான். நம் நண்பர் நேராக அவன் முன்னால் போய், கால்களை அகற்றி ஊன்றி, கைகளைப் பின்னால் கட்டி நின்று, ரயில் நிலையங்களில் ஜவான்களைச் சோதித்த அதே குரலில், “அடையாள அட்டை எங்கே? லீவு சர்டிபிகேட் எங்கே?” என்று கேட்டிருக்கிறார். பையன் நடுங்கிப்போய் எழுந்து நின்று, “சார், நான் பட்டாளத்துல இல்லை சார், பாலிடெக்னிக்ல படிக்கிறேன்” என்றிருக்கிறான். நண்பர் பெயர் கேட்கிறார், ஊர் கேட்கிறார், தந்தை பெயர் கேட்கிறார். கேட்கக் கேட்கப் பையன் வாயை இறுக்கிக்கொள்கிறான். தலைமைக் காவலர் எதுவும் சொல்லாமல் அங்கே திறந்திருந்த ஒரே டீக்கடைக்குப் போய் மூன்று டீ சொல்லிவிட்டு, ஒரு பன்னையும் வாங்கிவந்து, பையனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, “சாப்பிட்டியா தம்பி?” என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். பையன் உடைந்து அழுதுவிட்டான். தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை யாரிடமோ பறிகொடுத்ததும், அப்பாவின் முகத்தில் விழிக்கப் பயந்து வீட்டைவிட்டு வந்ததும், விடிந்ததும் திருப்பூர்ப் பக்கம் போய்விட நினைத்ததும் டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டன. அந்த இரவே அப்பாவுக்குத் தொலைபேசி போனது. விடியுமுன் அவர் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து மகனைக் கட்டிக்கொண்டு அழைத்துப் போனார். பணத்தைப் பறித்தவர்மீது வழக்கும் பதிவானது. நண்பர் என்னிடம் சொன்னார்: “பட்டாளத்துல எத்தனை பேரை நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்டிருப்பேன், சாப்பிட்டியான்னு கேட்க எனக்கு யாருமே சொல்லித்தரலையே.”

நீங்கள் கைதட்டுகிறீர்கள். துணைக் கண்காணிப்பாளர் அவர்களும் தலையசைக்கிறார்கள். அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி, ஏனென்றால் இப்படிப்பட்ட தலைமைக் காவலர்களை வளர்த்தெடுப்பது அவர்களைப் போன்ற அதிகாரிகள்தாம். படையில் நமக்கு முன்னால் நிற்பவர் எண், தரம், பெயர் சொல்லக் கட்டுப்பட்டவர். ஊரில் நிற்பவர் நமக்கு எந்தக் கீழ்ப்படிதலும் கடன்பட்டவர் அல்லர். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. காவல் அதிகாரியிடம் அவர் செய்யும் ஒப்புதலை நீதிமன்றம் அவருக்கு எதிரான சான்றாக ஏற்பதும் இல்லை.

ஆனால் நாம் வெறுங்கையோடு வருகிறவர்கள் அல்லர் என்பதை இந்த மேடையில் அழுத்திச் சொல்ல வேண்டும். போர்க்கைதிகளைக் கையாளப் பயிற்சி பெற்றவன் ராணுவக் காவலன். 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தப்படி, போர்க்கைதி தன் பெயர், தரம், பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றைச் சொன்னால் போதும். அதற்கு மேல் கறக்க அவன்மீது கைவைக்கக் கூடாது. எதிரி நாட்டுச் சிப்பாயின் மௌனத்தையே மதிக்கக் கற்றவன் சொந்த ஊர்க்காரனை லாக்கப்பில் அடிக்க மாட்டான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்ததை எண்ணும்போதெல்லாம், காவலில் வைக்கும் அதிகாரம் வேறு, தண்டிக்கும் அதிகாரம் வேறு என்ற அந்த 107-ஆம் பிரிவின் பாடம் ஒவ்வொரு காவல் நிலையத்துச் சுவரிலும் எழுதப்பட வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. காவல்துறையைக் குறைசொல்ல இதை நான் சொல்லவில்லை. அந்தத் துறைக்குத் தேவையான ஒன்று எங்கள் கையில் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

அதைத் துறை எப்படிப் பயன்படுத்துகிறது? தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முன்னாள் படைவீரருக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு அரசுக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி, குற்றத்தை விசாரித்து, கைதியைக் காத்து அனுபவப்பட்டவரும், பீரங்கிப் படையிலிருந்து வந்தவரும், பள்ளி முடித்து வந்த இளைஞரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். தேறியதும் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ அனுப்பப்படுகிறார்கள். காவல் நிலையத்தின் படியை மிதிக்க ஆண்டுகள் ஆகின்றன. நாற்பதை நெருங்கும் வயதில் சேர்ந்தவருக்கு அந்த ஆண்டுகள் திரும்பி வருமா? இந்தியிலேயே பேசி எழுதிப் பழகியவர் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் அவருடைய அடுத்த விடைத்தாள் திருத்தப்படுவதே இல்லை. தமிழ் தேவையில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்; தமிழைத் திரும்பக் கற்க வகுப்பு வையுங்கள் என்கிறேன்.

மூன்றாவதாகக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று வாசலில் நிற்பதால், குடும்பத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். 2021 மே மாதம் பெங்களூருவில் 83 பெண்கள் பயிற்சி முடித்து, ராணுவக் காவல் படையின் முதல் பெண் வீரர்களாக அணிவகுத்தார்கள். இப்போது அந்தப் படைக்குப் பெண்கள் அக்னிவீரர்களாக, அதாவது அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படும் வீரர்களாக, சேர்க்கப்படுகிறார்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஹரியானா அரசு 2024-இல் காவலர் பணியில் இவர்களுக்கு 10 விழுக்காடு அறிவித்தது. உத்தரப் பிரதேசம் 2025-இல் 20 விழுக்காடு அறிவித்தது. பெண் புகார்தாரரிடம் பேசவும் பெண் கைதியைக் காக்கவும் பயிற்சி பெற்ற இந்தப் பிள்ளைகளை நம் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் வாரி எடுத்துக்கொள்ள வேண்டாமா? ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லலாம். ஆழத்தை அளந்து காட்டிப் படிக்கட்டு கட்டித் தரும் பொறுப்பு அரசுடையது.

ஆகவே எங்கள் கோரிக்கை மனுவில் மூன்று வேண்டுகோள்களை வைத்திருக்கிறோம். ராணுவக் காவல் படையிலிருந்து வருவோருக்குப் புதிய குற்றவியல் சட்டங்களும் தமிழில் வழக்கு ஆவணம் எழுதுவதும் கற்பிக்கும் மூன்று மாத இணைப்புப் பயிற்சி ஒன்றைத் தொடங்க வேண்டும். அதை முடித்தவர்களை ஆயுதப்படையில் நிறுத்தாமல் நேரே சட்டம் ஒழுங்குக்கோ போக்குவரத்துக் காவலுக்கோ அனுப்ப வேண்டும். ராணுவக் காவல் படையில் பணி முடித்த அக்னிவீரர்களுக்கும் இந்த வாய்ப்பைத் தர வேண்டும். மனுவின் படிகள் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் இருக்கின்றன; பணி எண்ணையும் ஓய்வு பெற்ற ஆண்டையும் குறித்துக் கையெழுத்திடுங்கள். கையெழுத்துகள் சேர்ந்ததும், உதவி இயக்குநர் அவர்களின் வழியாக மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைக்க இசைவு பெற்றிருக்கிறோம். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.