போடி மலையில் டென்ட் போடலாமா?

போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஸ்காட்லாந்தில் மலையில் டென்ட் போட்டுத் தங்க சட்டமே இடம் தருகிறதாம். நம் போடி, கம்பம் மலையில் நண்பர்களோடு ஒரு ராத்திரி தங்கினால் என்ன தப்பு?"

அவர் சொன்னது சரிதான். 2003-ல் அங்கே சட்டம் போட்டார்கள். பயிர் நிலம், வீட்டுப் பக்கம் போகாமல் பொறுப்பாகத் தங்கலாம். நமக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. ஏலத்தோட்டம் பற்றிய என் காணொளியிலேயே சொன்னேன், மறுபடி சொல்கிறேன்: நம் மலையில் ஆளில்லாத இடம் உண்டு, யாருடையதும் இல்லாத இடம் கிடையாது. காப்புக்காடு என்றால் வனத்துறை, புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை, மிச்சம் எஸ்டேட், பட்டா. கொழுக்குமலையைப் பாருங்கள். இடம் நம் தேனி மாவட்டம், ஜீப் ஏறுவதோ கேரளாவின் சூரியநெல்லியில். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கிளம்பவே கூடாது.

சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகம். குமுளிக்கு மேலே கண்ணகி கோயில் இருக்கிறதே, அதற்கே சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள்தான் விடுகிறார்கள். இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து நின்று, பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். கும்பிடப் போகிறவர்களுக்கே அப்படி என்றால் நம் டென்ட் எம்மாத்திரம்?

முறையாகப் போக வழி இருக்கிறது. தமிழக வனத்துறை 2024-லிருந்து மலையேற்றப் பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்கிறது. மூணாறு பக்கம் இருக்கும் மீசப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகமே முகாம் நடத்துகிறது. தனியார் இடம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள், ஆனை வருமா என்றும் கேளுங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், டென்டில் தங்க வந்த ஒரு பெண்ணை ஆனை மிதித்துக் கொன்றது. காசு கட்டித் தங்கிய இடம்தான் அது.

ஆனால் தம்பி, நீங்கள் அடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். 2018 மார்ச் 11, போடிக்கு மேலே குரங்கணி. காய்ந்த புல்லில் ஏறிய தீ, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மாசி, பங்குனியில் இந்த மலையில் தீக்குச்சியே உரசாதீர்கள். கட்டுச்சோறு கொண்டுபோங்கள், போதும்.

ஒருமுறை கம்பத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில் சொல்லிவிட்டுத் தங்கினோம். அது ஐப்பசி, ஈரக் காலம். காலையில் அடுப்பில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பையைத் தூக்கினோம். காவல்காரத் தாத்தா வந்தார், "புறங்கையை வச்சுப் பாருப்பா" என்றார். வைத்தேன், சூடு. குச்சியால் கிளறினார். ஒரு சாண் ஆழத்தில் மரவேர் ஒன்று சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது! ஓடையிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து, சாம்பல் சேறாகும்வரை ஊற்றிப் பிசைந்தார். அப்புறம் மூன்று கல்லையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போடச் சொன்னார். ஏன் தாத்தா என்றேன்.

"கல்லு கூடிக் கெடந்தா அடுத்து வர்றவனும் இங்கயே பத்தவைப்பான்."