இரண்டே டிரைவர்களில் எல்லாத் திசைகளும்: கேமிங் ஹெட்செட்டுக்குள் நடக்கும் கணக்கு

வணக்கம், நண்பர்களே. 7.1 சரவுண்ட் (சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்குத் தனியாக ஒன்று) என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் கேமிங் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குள்ளே காதுக்கு ஒன்றாக இரண்டே டிரைவர்கள்தான், அதாவது ஒலியை எழுப்பும் சிறு ஸ்பீக்கர்கள்தான், இருக்கின்றன. அப்படியிருந்தும் எதிரியின் காலடி ஓசை முதுகுப் பக்கம் கேட்கிறதே, எப்படி? அதற்கான விடை, ஒலி டிரைவரை அடையும் முன்பே நடந்து முடிந்துவிடும் கணக்கில் இருக்கிறது.

வலப்பக்கம் எழும் ஒலி, தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், அதிகபட்சம் ஏறத்தாழ 0.7 மில்லி விநாடி பிந்தி வந்து சேர்கிறது. தலை குறுக்கே நிற்பதால் அதன் உயர் அதிர்வெண்கள் மங்கியும் போகின்றன. தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வேறுபாட்டையும் உயர்ந்த ஒலிகளுக்கு வலிமை வேறுபாட்டையும் செவி நம்புகிறது என்பதை 1907இல் இயற்பியலாளர் லார்ட் ரேலி விளக்கினார். ஆனால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் எழும் ஒலிகளில் இவ்விரண்டு வேறுபாடுகளும் ஏறக்குறைய மறைந்துவிடும். அங்கே உதவுவது காதுமடல்தான்: அதன் மடிப்புகளில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களை எடுப்பாக்கி, சிலவற்றை அடக்கிவிடுகிறது; அந்தச் சாயல் திசைக்குத் திசை மாறுகிறது.

இவற்றையெல்லாம் அளந்து, ஒவ்வொரு திசைக்கும் காதுக்கொன்றாக இரண்டு வடிகட்டிகளாக எழுதி வைத்திருப்பதே ஹெச்ஆர்டிஎஃப் (HRTF). கேமின் ஒலியை, பெரும்பாலும் விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் கணநேர அளவுகள்) என்ற வேகத்தில், செயலி இந்த வடிகட்டிகளின் வழியே இடைவிடாமல் செலுத்துகிறது. அளவீடு வழக்கமாகச் செயற்கைத் தலையிலோ வேறொருவர் காதிலோ எடுக்கப்பட்டது என்பதால், சிலருக்கு முன்பின் குழப்பம் ஏற்படும். அது உங்கள் செவியின் குறை அன்று. அப்போது மவுஸைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். நிஜத்தில் தலையைத் திருப்பி ஒலியின் இடத்தை உறுதிசெய்கிறோம் அல்லவா, அந்த வேலையை கேமில் மவுஸ் செய்கிறது.

தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 256 மாதிரிகளைத் திரட்டிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 5.3 மில்லி விநாடிதான் ஆகும்; சாதாரண புளூடூத் இணைப்போ 100 மில்லி விநாடிக்கு மேலும் சேர்த்துவிடக்கூடும். ஆகவே கேமுக்கு யுஎஸ்பி கம்பியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோ (கணினியில் செருகும் சிறு கம்பியில்லா இணைப்புக் கருவி) ஏற்றது.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது, இந்தத் திசைக் கணக்கு ஒரே ஒருமுறைதான் நடக்க வேண்டும் என்பதை. கேமில் ஹெச்ஆர்டிஎஃப் இயங்கும்போது ஹெட்செட் மென்பொருளின் சரவுண்டையும் இயக்கினால், ஏற்கெனவே காதுகளுக்காகப் பிரித்து உருவாக்கிய இரண்டு தடங்களை அது முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களாகக் கருதி மறுபடியும் வடிகட்டும். நேர வேறுபாடு சிதைந்து, காலடிகள் தெளிவை இழக்கும். கேமில் அந்த வசதி இருந்தால் ஹெட்செட்டை வெறும் ஸ்டீரியோவில் விடுங்கள். இல்லாவிட்டால் மட்டும் ஹெட்செட்டின் சரவுண்டை இயக்கி, கணினியின் ஒலி வெளியீட்டையும் 7.1 என அமைத்துக்கொள்ளுங்கள். வெளியீடு ஸ்டீரியோவிலேயே இருந்தால், பின்பக்க ஒலிகள் தனித் தடங்களாக ஹெட்செட்டை வந்தடையாது.