நெருப்பு எங்கே எரிந்தது?

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய மேனர் மாளிகைகளை, அதாவது நிலப்பிரபுக்கள் வாழ்ந்த பெரிய வீடுகளை, பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அகழியையும் வாயிலையும் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நேரே பெருங்கூடத்துக்குள் போய் நெருப்பு எங்கே எரிந்தது என்று தேடுங்கள் என்பேன். அந்த வீட்டுக்காரர் தன் ஆட்களோடு எப்படி வாழ்ந்தார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

கென்ட் மாவட்டத்தில் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ் என்றொரு மாளிகை. கட்டியவர் சர் ஜான் டி புல்ட்னி. லண்டனின் பெரும் வணிகர், நான்கு முறை நகர மேயர். அதன் கூடம் 1341இல் எழுந்தது. செஸ்ட்நட் மரக் கூரை, ஏறக்குறைய 60 அடி உயரம். தரையின் நடுவே, குளிர்காய, எண்கோண வடிவில் அடுப்பு. இன்றும் இருக்கிறது. புகைபோக்கி கிடையாது. புகை தானாக மேலேறி, கூரையில் விட்ட திறப்பு வழியாக வெளியேற வேண்டும். கூரையை அவ்வளவு உயர்த்தியதற்குப் பகட்டு மட்டும் காரணமல்ல. தலைக்கு மேலே புகை நிற்க இடம் வேண்டாமா?

இந்தக் கூடங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு கோடியில் வாசல். நுழைந்ததும் குறுக்கே ஒரு நடை. வாசல் காற்று கூடத்துக்குள் அடிக்காமல் இருக்க நடுவில் மரத்தடுப்பு. நடையின் மறுபுறம் பல வீடுகளில் மூன்று கதவுகள். ஒன்று ரொட்டி வைக்கும் அறைக்கு, ஒன்று பானங்கள் வைக்கும் அறைக்கு, நடுக்கதவு சமையற்கட்டுக்குப் போகும் வழிக்கு. தீ பயத்தால் சமையற்கட்டைக் கொஞ்சம் தள்ளியே கட்டினார்கள். எதிர்க்கோடியில் சற்றே உயர்ந்த மேடை. அதில் குறுக்காகப் போட்ட மேசையில் பிரபுவும் குடும்பமும். கீழே நீளவாட்டில் போட்ட மேசைகளில் மற்றவர்கள். சாப்பாடு முடிந்ததும் பலகைகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிடுவார்கள். இரவில் வேலைக்காரர்கள் பலருக்குப் படுக்கையும் அங்கேதான்.

சரி, இது எப்போது கலைந்தது? 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கவிஞர் வில்லியம் லாங்லண்ட் குறைபட்டுக்கொள்கிறார்: பணக்காரர்கள் ஏழைகளைத் தவிர்க்கக் கூடத்தை விட்டுவிட்டு, புகைபோக்கி வைத்த தனியறையில் போய்ச் சாப்பிடுகிறார்களாம். புகைபோக்கியை அவர் எடுத்துச் சொல்வதைக் கவனியுங்கள். அடுப்பு சுவருக்குள் போனதும் மாடியிலும் நெருப்பு வைக்கலாம், சின்ன அறையிலும் வைக்கலாம். ஒரே நெருப்பைச் சுற்றி எல்லோரும் கூட வேண்டிய கட்டாயம் போய்விட்டது.

அதன் விளைவை வில்ட்ஷரில் உள்ள கிரேட் சால்ஃபீல்டில் பார்க்கலாம். கட்டியவர் தாமஸ் ட்ரோப்பனெல். ஹங்கர்ஃபோர்டு பிரபுக்களிடம் வேலை பார்த்து உயர்ந்தவர். நிலப் பத்திரங்களையெல்லாம் ஒரே தொகுப்பாக எழுதிவைத்த கெட்டிக்காரர். சுமார் 1465 முதல் 1480 வரை வேலை நடந்தது. நடுவில் கூடம், இரு பக்கமும் முக்கோண முகப்புகள், இரண்டிலும் மாடியிலிருந்து வெளியே துருத்தும் சாளரங்கள். தூரத்தில் இரண்டும் ஜோடி போலத் தெரியும். கிட்டப் போனால் வேலைப்பாடு வேறு வேறு. எனக்கு அந்தச் சின்ன ஒழுங்கீனம்தான் பிடிக்கும்.

இங்கே அடுப்பு சுவரோரம் போய்விட்டது. கூடத்தை அடுத்து, குடும்பம் தனியாக உண்ண ஓர் அறையும் வந்துவிட்டது. ஆனால் கூடத்தை அவர்கள் முழுதாகக் கைகழுவவில்லை. மேலே சுவரில் கல்லில் செதுக்கிய முகமூடிகள் இருக்கின்றன, கண்களில் துளை. மாடியறையில் இருந்தபடியே கீழே யார் வந்தார்கள், என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கூடச் சாப்பிடப் பிடிக்கவில்லை, கண்காணிப்பை விடவும் மனமில்லை!

இந்த வீடு பின்னாளில் பண்ணைவீடாகிப் பாதி சிதைந்தது. நல்ல வேளை, 1836இல் தாமஸ் லார்கின்ஸ் வால்க்கர் என்ற கட்டடக் கலைஞர் அதை அளந்து வரைந்து வைத்திருந்தார். 1905க்கும் 1911க்கும் இடையில் ஹெரால்ட் பிரேக்ஸ்பியர் அந்த வரைபடங்களின் துணையோடுதான் அதைச் சீரமைத்தார். ஆகவே அங்கே போனால், எது ட்ரோப்பனெல் வைத்த கல், எது பிரேக்ஸ்பியர் வைத்த கல் என்று வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.