பாறையும் ஒரு பதில் கடிதமும்

வணக்கம் நேயர்களே. ஏழு நிமிடம் தருகிறோம், சிங்கப்பூரும் மலேசியாவும் யாருக்குச் சொந்தம் என்று வழக்காடிய பெட்ரா பிராங்கா தீவு பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே பேரப்பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், அதனால் உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் சட்டம் படித்தவனில்லை. கப்பல் ஏஜென்சி ஒன்றில் 31 ஆண்டு கடிதப் போக்குவரத்து பார்த்தவன். வருகிற கடிதம், போகிற கடிதம், ஒவ்வொன்றுக்கும் நகல், நகலுக்கு ஒரு எண். இந்தத் தீவு வழக்கில் எனக்குப் பித்துப் பிடித்ததும் ஒரு கடிதத்தால்தான்.

தீவு என்றவுடன் தென்னை மரம், மணல் என்று நினைத்துவிடாதீர்கள். 137 மீட்டர் நீளம், சராசரியாக 60 மீட்டர் அகலம், அவ்வளவுதான். எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கைப் படுக்கவைத்த மாதிரி ஒரு கருங்கல் பாறை. பறவை எச்சம் படிந்து வெள்ளையாகத் தெரிந்ததால் போர்ச்சுகீசியர் 'வெள்ளைப் பாறை' என்று பெயர் வைத்தார்கள். மலாயில் பத்து புத்தே, அதற்கும் அதே பொருள்தான். சிங்கப்பூரிலிருந்து கிழக்கே 24 கடல் மைல், மலேசியாவின் ஜொகூர் மாநிலக் கரையிலிருந்து 7.7 கடல் மைல். தூரத்தை மட்டும் பார்த்தால் வழக்கே வேண்டாம், மலேசியாவுக்கு என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் அந்தப் பாறை நிற்கும் இடம் சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசல். இருட்டில் அதில் மோதிய கப்பல்கள் கொஞ்சமல்ல. அதனால் பிரிட்டிஷார் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். ஜான் டர்ன்புல் தாம்சன் என்ற அரசாங்க நில அளவையாளர் பொறுப்பேற்று, சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் கல் வெட்டிக் கொண்டுபோய்க் கட்டினார். ஆமாம், சனி ஞாயிறில் நீங்கள் வாடகைச் சைக்கிள் ஓட்டப் போகும் அதே உபின்தான். 1851 அக்டோபர் 15ஆம் தேதி ஹார்ஸ்பர்க் விளக்கு எரிய ஆரம்பித்தது. அன்று முதல் அதைப் பராமரித்தது சிங்கப்பூர்ப் பக்கம். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இப்போது என் கடிதத்துக்கு வருகிறேன். 1953 ஜூன் மாதம், சிங்கப்பூரின் காலனித்துவச் செயலாளர் அலுவலகம் ஜொகூருக்கு எழுதிக் கேட்கிறது: எங்கள் கடல் எல்லையை வரையறுக்க வேண்டும், இந்தப் பாறையின் நிலை என்ன? செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் பதில் போடுகிறார். பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசாங்கம் உரிமை கோரவில்லை. ஒரே வாக்கியம், நேயர்களே. ஏன் கோரவில்லை, யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள், ஒன்றும் இல்லை.

எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் உண்டு, ஏனென்றால் நானும் ஒருமுறை அப்படி எழுதியவன். வேலைக்குச் சேர்ந்த புதிது. கிடங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது, 14 பீப்பாய் கேட்பாரற்றுக் கிடக்கிறது, உங்களுடையதா என்று. நம்முடையது என்றால் கிடங்கு வாடகை கட்ட வேண்டும், கோப்பைத் தேடி எடுக்க வேண்டும், அன்றைக்கு வெள்ளிக்கிழமை மாலை வேறு. 'எங்களுடையது அல்ல' என்று தட்டி அனுப்பிவிட்டேன். நாலு மாதம் கழித்து எங்கள் வாடிக்கையாளர் ஒருவரே வந்து என் பீப்பாய் எங்கே என்றார். கிடங்குக்காரர்கள் வாயே திறக்கவில்லை, என் கடிதத்தை எடுத்து நீட்டினார்கள். மேலாளர் அதன் கார்பன் நகலை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பின்னால் வழக்கில் மலேசியா சொன்னது, கடிதத்தில் இருப்பது 'ஓனர்ஷிப்', அது சொத்துரிமை, நாட்டின் இறையாண்மை வேறு என்று. நல்ல வாதம்தான். நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் கடிதம் மட்டும் போதாது. எங்கள் தளத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பொது நடைபாதையில் ஒரு பூந்தொட்டி வைத்தார், பிறகு ஆறு தொட்டி, பிறகு செருப்பு அலமாரி. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் நான் அங்கே சைக்கிளை நிறுத்தினால், "அங்கிள், இது எங்கள் இடம்" என்கிறார் அவர் மகன்! பாறையிலும் இதுதான் நடந்தது. கப்பல் மோதினால் சிங்கப்பூர் விசாரித்தது, யார் போய் வரலாம் என்று சிங்கப்பூர் சொன்னது, கொடி சிங்கப்பூர்க் கொடி. புலாவ் பீசாங் என்று இன்னொரு தீவு, ஜொகூருடையது, விளக்கை மட்டும் சிங்கப்பூர் நடத்துகிறது. 1968இல் அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்குங்கள் என்று மலேசியா கேட்டது, இறக்கினார்கள். ஆனால் பெட்ரா பிராங்காவில் பறந்த கொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வார்த்தை! இதை நீதிபதிகள் கவனித்தார்கள்.

1979 டிசம்பரில் மலேசியா வெளியிட்ட வரைபடத்தில் பாறை அவர்கள் பக்கம் இருந்தது. 1980 பிப்ரவரி 14ஆம் தேதி சிங்கப்பூர் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தது, இந்தமுறை பாருங்கள், இரண்டே மாதத்தில். அப்புறம் பேச்சுவார்த்தை அது இது என்று இழுத்து, 2007 நவம்பரில்தான் ஹேக் நகரில் அனைத்துலக நீதிமன்ற விசாரணை. அப்போதைய துணைப் பிரதமர், நம்முடைய எஸ். ஜெயக்குமாரும் போய் வாதாடினார். அங்கே மலேசியா ஒரு படம் காட்டியது, விளக்குக்குப் பின்னால் ஜொகூர் மலை கைக்கெட்டும் தூரத்தில் ஓங்கி நிற்கிறது. சிங்கப்பூர்த் தரப்பு, இது தொலைவைச் சுருக்கிக் காட்டும் லென்ஸ் வேலை, கண்ணால் பார்த்தால் மலை இவ்வளவு பெரிதாகத் தெரியாது என்று மறுத்தது. படம் எங்கே கிடைத்தது என்று பார்த்தால், சமீபத்தில் ஆரம்பித்த ஏதோ ஒரு வலைப்பூவில்! கல்யாணப் பெண்ணின் போட்டோவை நம்பி ஏமாந்த கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

2008 மே 23. நான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன், காப்பி ஆறிப்போனது. பாறை ஆதியில் ஜொகூர் சுல்தானகத்துடையதுதான், ஆனால் 1980க்குள் உரிமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. 1953 கடிதத்தைப் படித்தபோது என் மனைவி, "உங்கள் பீப்பாய்!" என்றாள்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார். மீதியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருக்கும் மிடில் ராக்ஸ் என்ற பாறைக்கூட்டம் மலேசியாவுக்குப் போனது, அங்கே அவர்கள் ஒரு கடல்சார் தளமும் கட்டிவிட்டார்கள். 2017இல் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் புதிய காகிதங்கள் கிடைத்தன என்று மலேசியா மறுஆய்வு கேட்டது, 2018இல் ஆட்சி மாறியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏன் திரும்பப் பெற்றீர்கள் என்று 2024இல் அங்கே அரச விசாரணை ஆணையமே வைத்தார்கள். அந்தக் காகிதங்களைப் பற்றித்தான் பேச ஆசை, முடியாது போலிருக்கிறது.

ஒன்று மட்டும். சவுத் லெட்ஜ் என்று ஒன்று உண்டு, நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பாறைத்திட்டு. அது யாருடைய கடலில் இருக்கிறதோ அவர்களுக்கு என்று சொல்லி நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. யாருடைய கடல் என்று சொல்லவில்லை. இரண்டு நாடும் அதற்காக இன்னும் கடிதம்... சரி, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.