நாற்பத்தைந்து வயதும் கையில் ஒரு செல்போனும்
(திருப்பூரில் ஒரு வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

விழாத் தலைவர், எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே. ஐயா ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு வீட்டுப்பாடம் எழுதாத ஞாபகம்தான் வருகிறது. முன்னிலை வகிக்கும் வார்டு கவுன்சிலர் அக்கா அவர்களே, இன்னொரு கல்யாண வரவேற்பை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள், நன்றி. ஏற்றுமதியாளர் சங்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர் அவர்களே, நாற்காலி எல்லாம் உங்கள் உபயம் என்று இப்போதுதான் சொன்னார்கள். காவல் ஆய்வாளர் அம்மா அவர்களே. இரண்டு பெரிய கட்சிகளின் பகுதிச் செயலாளர்களே, இருவரையும் ஒரே மேடையில் ஒரே தண்ணீர் பாட்டிலோடு உட்கார வைத்த செயற்குழுவுக்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுங்கள். எனக்கு அடுத்து உடுக்கையடிக் கதை பாடப்போகிற அண்ணன் அவர்களே. மைக் செட் தம்பி அவர்களே, உங்களை விட்டால் பாதியில் அணைத்துவிடுவீர்கள். எல்லோருக்கும் வணக்கம்.

'இன்றைய அரசியல் தீவிரவாதமும் நடுவயது வாழ்க்கையும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் எங்கே ஒட்டும் என்று அழைப்பிதழ் வந்த அன்றைக்கு யோசித்தேன். பார்த்தால் நன்றாகவே ஒட்டுகிறது. மூன்று விஷயம் பேசலாம் என்று குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன். ஒன்று, வெறுப்பு எப்படி ஊருக்குள் வருகிறது. இரண்டு, அது நம் வயதுக்காரர்களை ஏன் முதலில் பிடிக்கிறது. மூன்று, பள்ளிக்கூடத்தில் என்ன செய்யலாம்.

எங்கள் அப்பாரு அடிக்கடி சொல்வார், 'ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்று. உடுக்கை அண்ணன் மன்னிக்க வேண்டும், கலைஞர்களைச் சொல்லவில்லை. நம் ஊர் கூத்தாடி ராத்திரி முழுக்கப் பாடிவிட்டு ஊர்க்காரர்களை ஒன்றாக உட்கார வைத்துவிட்டுத்தான் போவார். நான் சொல்வது வேறு கூத்தாடி. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே நமக்குத் தெரியாது. நாம் எத்தனை பேருக்கு அனுப்புகிறோமோ அதற்குத் தகுந்தபடி அவருக்கு வருமானம்.

2023 மார்ச் மாதம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் கிளம்பின. பாட்னா சட்டமன்றத்தில் அமளி. நம் முதல்வர் பீகார் முதல்வரிடம் போனில் பேசினார். டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவில் வந்து விளக்கம் சொன்னார். பரவியதில் ஒன்று நம் திருப்பூரில் பீகார்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேருக்கு நடந்த தகராறு. பீகாரிலிருந்து நால்வர் குழு வந்து இங்கே கம்பெனி கம்பெனியாகப் பார்த்துவிட்டுப் போனது. இதெல்லாம் பேப்பரில் வந்தது. பேப்பரில் வராததைச் சொல்கிறேன்.

என்னுடையது துணி தைத்துக் கொடுக்கிற சின்ன ஜாப் ஒர்க் யூனிட். ஓவர்லாக், பிளாட்லாக், இரண்டு சிங்கர் மெஷின், ஒரு செக்கிங் டேபிள், அவ்வளவுதான். பிளாட்லாக் மெஷினில் ஒரு பையன், பீகாரில் தர்பங்கா பக்கம். கை அவ்வளவு சுத்தம், கழுத்துக்கு நெக் ரிப் பட்டை வைத்தால் மடிப்பே தெரியாது. ஹோலிக்கு முந்தைய வாரம் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு மெஷினை ஆஃப் செய்கிறோம், அவன் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பின்னாலேயே இன்னும் ஐந்து பேர். கேட்டால் பேச்சு இல்லை, போனை நீட்டுகிறான். அம்மா பேசுகிறார்கள். அழுகிறார்கள் என்று புரிகிறது, மற்றது எனக்குப் புரியவில்லை. என் இந்தி 'பானி'யோடு முடிந்துவிடும்.

அப்புறம் எங்கள் கட்டிங் மாஸ்டர் வந்தார். ஆள் திண்டுக்கல்காரர், ஆனால் வாலிபத்தில் லூதியானாவில் ஸ்வெட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கே இவரை 'மதராசி' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் இந்தப் பசங்கள் மேல் அவருக்குத் தனிப் பாசம், வெளியே காட்டமாட்டார், திட்டிக்கொண்டே இருப்பார். போனை வாங்கினார். அந்தம்மா கேட்டது, 'உங்க ஊரில் எங்க பிள்ளைகளைக் கொல்கிறார்களாமே?' மாஸ்டர் சொன்னார், 'அம்மா, இங்கே எங்களுக்கே சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் உயிரே வரும். கொலை செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது?'

அந்தம்மா நம்பவில்லை. வீடியோவில் காட்டு என்றார்கள். பையனைக் காட்டினோம். கை கால் எல்லாம் காட்டு என்றார்கள். காட்டினான். தெருவைக் காட்டு என்றார்கள். நாங்கள் ஆறேழு பேர் போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினோம். டீக்கடையைக் காட்டினோம். டீ மாஸ்டர், சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒரு டீயை ஆள் உயரத்துக்கு ஆற்றிக் காட்டினார். பூக்கார அக்கா கை காட்டி, 'தம்பி நல்லா இருக்கான், என் கிட்ட முப்பது ரூபா கடன் வெச்சிருக்கான், அதைக் குடுக்காம எங்கயும் போக விடமாட்டேன்' என்றார். மாஸ்டர் அதையும் அப்படியே இந்தியில் சொன்னார்! கடைசியில் அந்தம்மா போலீஸைக் காட்டு என்றார்கள். முக்கில் ரோந்து வண்டி நின்றது. ஏட்டையாவிடம் போனைக் கொடுத்தோம். அவர் விறைப்பாக நின்று சல்யூட் ஒன்று வைத்து 'நமஸ்தே' என்றார். அதற்கு மேல் அவருக்கும் வார்த்தை இல்லை, எங்களுக்கும் இல்லை. அந்தம்மா அழுகையை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்கள். மாஸ்டர் மொழிபெயர்த்தார், 'சாப்பிட்டானா?'

(கைதட்டல்.)

கைதட்டாதீர்கள், கதை இன்னும் முடியவில்லை. மறுநாள் அவர்கள் ஆறு பேரும் ரயிலேறிவிட்டார்கள். ஹோலிக்குத்தான் போகிறோம் என்றார்கள். நாலு பேர் திரும்பி வந்தார்கள். அந்த பிளாட்லாக் பையன் வரவில்லை. அவனை மாதிரி ஆள் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பூக்கார அக்காவின் கடனை நான்தான் கொடுத்தேன்.

அந்தம்மாவிடம் பேசிய அதே ராத்திரி பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறக்கிறேன். இங்கே வேறு படம் ஓடுகிறது. வடக்கத்திக்காரர்கள் கூட்டமாக நம்மாட்களைத் துரத்துகிறார்கள் என்று ஒரு வீடியோ. ஜனவரியில் நம் ஊர் டீக்கடை முன்னால் நடந்த தகராறு அது. சிகரெட் புகையில் ஆரம்பித்ததாகப் போலீஸே சொல்லி முடித்த விஷயம். அதை மார்ச்சில் தூசி தட்டி எடுத்து, 'இப்போது விழிக்காவிட்டால் எப்போது' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஆக, அங்கே ஒரு தாய்க்கு 'தமிழன் கொல்கிறான்' என்று ஒரு வீடியோ, இங்கே என் நண்பனுக்கு 'வடக்கன் அடிக்கிறான்' என்று ஒரு வீடியோ. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இரண்டு கூத்துக்கும் டிக்கெட் காசு வாங்கியவர் ஒருவராகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதை அனுப்பியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? காலிப் பையன் இல்லை. பெயர் வேண்டாம். என் வகுப்பு, நாற்பத்தெட்டு வயது, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புகிறவன், கோயில் கமிட்டியில் கணக்கு எழுதுகிறவன். அனுப்பிய நேரம் ராத்திரி ஒன்றே கால்.

இங்கேதான் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். தீவிரவாதம் என்றாலே மீசை முளைக்காத பையன்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்ததே, அதில் கைதானவர்களைச் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பேப் குழு ஆராய்ந்து பார்த்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் 35 வயதைத் தாண்டியவர்கள். நூற்றுக்கு 40 பேர் அளவுக்குச் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் அல்லது நல்ல அலுவலக வேலையில் இருப்பவர்கள். வேலை இல்லாதவர்கள் 9 பேர் அளவுதான். பத்துக்கு ஒன்பது பேர் எந்த ஆயுதக் குழுவிலும் இல்லாதவர்கள். ஜெர்மனியில் 2022 டிசம்பரில் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 25 பேரைப் பிடித்தார்கள். தலைவராகச் சொல்லப்பட்டவர் அரச வம்சத்துக்காரர், வயது 71. கூடவே ஒரு நீதிபதி அம்மா, முன்னாள் எம்.பி.யும்கூட. இவர்களுக்கு என்னங்க குறை?

நம் கதையையே எடுத்துக்கொள்வோம். நம் வயதுத் திருப்பூர்க்காரன் தொழிலுக்கு வந்த நாள் முதல் என்ன பார்த்தான்? 2011இல் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகள் மூடல். 2016இல் பணமதிப்பிழப்பு. 2017இல் ஜி.எஸ்.டி. 2020இல் கொரோனா. 2022இல் நூல் விலை. அப்பாடா என்று நிமிரும்போது 2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டான். ஒவ்வொரு அடியும் எங்கிருந்தோ வருகிறது, அடிப்பவன் முகம் தெரிவதில்லை. கையில் சர்க்கரை ரிப்போர்ட், மேஜையில் பேங்க் நோட்டீஸ். இருபத்தைந்து வயதில் போட்ட கணக்கு எதுவும் வரவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. அந்த நேரத்தில் செல்போன் ஒரு முகத்தைக் காட்டுகிறது, 'இவனால்தான்' என்கிறது. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறவன், வேறு சாமி கும்பிடுகிறவன், வேறு பாஷை பேசுகிறவன். அவனைத் திட்டினால் ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்காத மாத்திரை.

கொள்கைப் பிடிப்பைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் குமரனைவிடப் பிடிப்பு யாருக்கு இருந்தது? 1932 ஜனவரியில் தலை உடையும்போதும் கொடியை விடவில்லை. ஆனால் அவர் கொடியைப் பிடித்தார், யாரையும் அடிக்கவில்லை. இங்கே இருக்கிற இரண்டு பகுதிச் செயலாளர்களும் தேர்தல் நேரத்தில் முட்டிக்கொள்வார்கள், மறுநாள் ஒரே பேக்கரியில் டீ குடிப்பார்கள். அது அரசியல். இன்னொருவன் இந்த ஊரில் இருக்கவே கூடாது என்கிறாய் பார், அங்கேதான் எனக்குப் பயம்.

பயம் சும்மா இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குப் போன குடும்பம். வழியில் குழந்தைகளுக்கு ஒரு மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் என்று வாட்ஸ்அப் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊரே திரண்டு அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். இப்படிப் பல இடத்தில் நடந்த பிறகுதான் அந்த வருடம் ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஐந்து பேர் போதாதா? கூத்தாடிக்குக் கொண்டாட்டம்தான்.

சரி, ராத்திரி ஒன்றே காலுக்கு என் நண்பன் வேறு எங்கே போவான்? டீக்கடை மூடியாச்சு. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடியாச்சு. இதைத்தான் நான் எல்லா மேடையிலும் கேட்கிறேன், கவுன்சிலர் அக்காவுக்கும் தெரியும், அவர் சிரிக்கிறார். எட்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிற மனிதன் போய் உட்கார ஒரு இடம் வேண்டும். நம் பகுதிக் கிளை நூலகம் அவன் வெளியே வருவதற்கு முன்பே பூட்டிவிடுகிறது. நூலகர்மேல் குறை இல்லை, ஒற்றை ஆளாக எல்லாம் பார்க்கிறார்.

நாம் இலவசமாகக் கேட்கவில்லை. 1948இலேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. சுதந்திர இந்தியாவில் முதல் சட்டம் அதுதான். சீர்காழிக்காரர், நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்குப் போய் ரசீதை எடுத்துப் பாருங்கள். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மாட்டுவண்டி வாசலுக்கே வந்த நாட்டில், கட்டிய கட்டடத்தை ராத்திரி பத்து வரை திறந்து வைக்க முடியாதா?

புத்தகம் படித்தால் எல்லோரும் புத்தராகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. படித்த வெறியர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் நாலு பேப்பரை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிற மேஜையில், ஒரே செய்தியை நாலு விதமாகப் போட்டிருப்பது கண்ணில் படும். எதிரே வேறு கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார், முகம் பார்த்துத்தான் ஆக வேண்டும். இந்திப் பேப்பர் ஒன்று, ஒடியாப் பேப்பர் ஒன்று போடச் சொல்கிறேன். தமிழ் கற்றுக்கொள்ளும் பாலபாடமும் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பசங்களும் வரட்டும்.

என் சொந்தத் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நடுவயது என்று தலைப்பில் இருக்கிறதே. நண்பர்கள் பலர் ஐம்பதுக்கு மேல் மாடி கட்டி வாடகைக்கு விடப்போகிறார்கள், தோட்டம் வாங்கப்போகிறார்கள். என் பெண் படிப்பு முடிந்ததும் நான் ராத்திரி ஷிப்டை விட்டுவிடுவேன். நூலகத்தைப் பத்து மணி வரை திறந்தால், எட்டரையிலிருந்து பத்து வரை அங்கே சம்பளம் இல்லாமல் உட்காரத் தயார். மாஸ்டரும் வருகிறேன் என்றிருக்கிறார். வீட்டில் மனைவி, 'அங்கேயாவது வாயை மூடிக்கொண்டு இருப்பீர்களா' என்று கேட்டார்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 'உடுக்கை காத்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பற்றிய மூன்றாவது விஷயத்தைத் தலைமையாசிரியர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஒன்றே ஒன்று. நூலக நேரத்தை நீட்டிக்கக் கேட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு மனு தயார். படிவம் வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்தோடு வார்டு எண்ணும் எழுதுங்கள், சொத்து வரி எண் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். இரண்டு பகுதிச் செயலாளர்களும் முதல் கையெழுத்து போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். யார் முதலில் என்பதை அவர்களே பேசி முடித்துக்கொள்ளட்டும். பேனா உங்களுடையதாக இருக்கட்டும், போன தடவை வைத்த பேனா எதுவும் திரும்பி வரவில்லை. வணக்கம்.